செட்பேக்: கேஸ் கிணத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல எத்தன அடி, அத யாரு முடிவு பண்றது?

மதுரையில வீடு கட்டுன யாருக்கும் செட்பேக்னா என்னன்னு சொல்லித் தர வேண்டியதில்ல. பிளான் அப்ரூவல்னு போனாலே இஞ்சினியர் வாயில வர்ற மொத வார்த்தை அதான், முன்னாடி இவ்வளவு விடணும், சைடுல இவ்வளவு விடணும், பின்னாடி இவ்வளவுன்னு பென்சில்ல கோடு போட்டுக் காட்டுவாரு. அப்புறம் கட்டும்போது சன்ஷேட் ரெண்டடி வெளிய வந்துரும், மாடிப்படி அந்த சந்துக்குள்ள எறங்கிரும், செப்டிக் டேங்க் மூடி, மோட்டார், கழட்டிப் போட்ட பழைய கதவுன்னு ஒண்ணொண்ணா வந்து சேரும், கடைசில அந்த வழியா ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் போக முடியும். பேப்பர்ல செட்பேக் இருக்கும், தரையில இருக்காது.

இதே வார்த்தை இன்னொரு எடத்துலயும் வருது, அங்க இது உயிர் சமாச்சாரம். எண்ணெய், இயற்கை எரிவாயு கிணறு தோண்டுற எடத்துக்கும் ஜனங்க குடியிருக்கிற எடத்துக்கும் நடுவுல குறைஞ்சபட்சம் இவ்வளவு தூரம் இருக்கணும்னு சட்டம் போட்டா அதுக்கும் செட்பேக்னுதான் பேரு.

மொதல்ல வார்த்தைய பிரிச்சுப் பாத்துருவோம். செட்னா வைக்கிறது, பேக்னா பின்னாடி. பின்னாடி தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். தேர்தல் சேதியில "ஆளுங்கட்சிக்கு செட்பேக்"னு வர்றது தனி அர்த்தம், அதுக்கு பின்னடைவுன்னு நல்ல தமிழ் நம்மகிட்ட ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கு. கட்டட அர்த்தத்துல இது ஊரறிஞ்ச சட்ட வார்த்தையா ஆனது 1916ல நியூயார்க் போட்ட மண்டல விதியாலன்னு சொல்லலாம். தெருவுக்கு வெயிலும் காத்தும் வராத மாதிரி நெட்டுக்குத்தா கட்டடம் ஏறிக்கிட்டே போனதால, ஒரு உயரத்துக்கு மேல கட்டுனா படி படியா உள்ள தள்ளிக் கட்டணும்னு அந்த நகரம் சொல்லுச்சு. ஒருத்தர் தன் சொந்த எடத்துல கட்டுறதே ஆனாலும் தெருவுல போறவனுக்கும் அதுல ஒரு உரிமை இருக்குங்கிறதுதான் அந்த விதியோட அடிப்படை.

கேஸ் கிணத்துக்கு இந்த வார்த்தை எப்படி வந்து ஒட்டுச்சுன்னு பாக்கணும்னா அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துக்குப் போகணும். அங்க ஃபோர்ட் வொர்த்னு ஒரு பெரிய நகரம், அதுக்கு அடியில பார்னெட் ஷேல்னு ஒரு பாறை அடுக்கு, அந்தப் பாறைக்குள்ள எரிவாயு அடைஞ்சு கெடக்கு. 1990கள் கடைசில தண்ணி, மணல், ரசாயனம் கலந்து அழுத்தமா அடிச்சுப் பாறைய விரிய வைக்கிற முறை, அதாவது ஃப்ராக்கிங், அங்க கைகூடி வந்ததும் கம்பெனிங்க ஊருக்குள்ளயே வந்துட்டாங்க. குடியிருப்புக்குப் பின்னாடி, ஸ்கூல் பக்கத்துல, சர்ச் எடத்துலன்னு கிணறு. நம்ம தெருவுல போர் வண்டி வந்தா ஒரு ராத்திரி தூங்க முடியாது, வெள்ளைப் புழுதி துணியெல்லாம் அப்பிரும், ஆனா ஒண்ணு ரெண்டு நாள்ல வண்டி கெளம்பிரும். அங்க ராத்திரி பகலா வாரக்கணக்குல ஓடும், டீசல் ஜெனரேட்டர் புகை, தண்ணி ஏத்திக்கிட்டு வர்ற லாரி நூத்துக்கணக்குல, கேஸ எரிச்சு விடுற தீ, மீத்தேன் கசிவு, பென்சீன் மாதிரி புற்றுநோய் வரவைக்கிற ஆவி, எல்லாம் சேந்தே வரும். கிணறு நேரா கீழ போயி அப்புறம் படுக்கைவாட்டுல ஒரு மைலுக்கு மேலயும் வீடுகளுக்கு அடியிலயே போகும், அதனால செட்பேக்ங்கிறது தரைக்கு மேல இருக்கிற தூரத்துக்கு மட்டும்தான்னு ஞாபகம் வச்சுக்கணும்.

அந்த ஊரு 2001ல மொத விதிய போட்டுச்சு, 2006ல வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, வழிபாட்டுத் தலத்துல இருந்து 600 அடி, நம்ம கணக்குல சுமார் 183 மீட்டர்னு கூட்டுனாங்க. ஆனா அதுலயே ஒரு வாசலும் வச்சாங்க, அந்த தூரத்துக்குள்ள இருக்கிற சொத்துக்காரங்க சம்மதக் கையெழுத்து போட்டாலோ நகர சபை ஓகே சொன்னாலோ கிட்டத்துலயே தோண்டிக்கலாம். இதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்குங்கிறது நல்லது. வாடகைக்கு இருக்கிறவனுக்கு அந்தக் கையெழுத்து கிடையாதுங்கிறதுதான் கஷ்டம், ராத்திரி பூரா தூங்காம கெடக்கிறது அவன்தான்.

பக்கத்துலயே டென்டன்னு ஒரு ஊரு, என்னைக் கேட்டா இந்த வார்த்தையோட மொத்தக் கதையும் அங்கதான் இருக்கு. 2013ல 1,200 அடின்னு நகர சபை போட்டுச்சு. ஆனா பழைய பெர்மிட் கையில வச்சிருந்தவங்களுக்கு புது தூரம் செல்லாதுன்னு ஆயிருச்சு, வீடுகளுக்கு ரொம்பக் கிட்ட மறுபடி வேல நடந்துச்சு. ஜனங்க பொறுத்துப் பாத்துட்டு வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குனாங்க, 2014 நவம்பர்ல ஊர் எல்லைக்குள்ள ஃப்ராக்கிங்கே கூடாதுன்னு வாக்கெடுப்பு வந்துச்சு, கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர் கூடாதுன்னே போட்டாங்க. ஆறு மாசம்தான் ஆச்சு, 2015 மே மாசம் டெக்சாஸ் அரசு எச்பி 40னு சட்டம் கொண்டாந்து இந்த மாதிரி தடை போட எந்த ஊருக்கும் அதிகாரமில்லன்னு சொல்லிருச்சு. லாரி, சத்தம், வெளிச்சம், தீயணைப்பு, அப்புறம் "நியாயமான செட்பேக்", தரைக்கு மேல இருக்கிற இத மட்டும் ஊரு பாத்துக்கலாம், அதுவும் வணிக ரீதியா நியாயமா இருக்கணுமாம். ஜூன் மாசம் டென்டன் தன்னோட தடைய தானே வாபஸ் வாங்குச்சு. அந்தச் சட்டத்துல செட்பேக்ங்கிற வார்த்தை இருக்கு, எத்தன அடின்னு சொல்ற தைரியத்த மட்டும் ஊருகிட்ட இருந்து எடுத்துட்டாங்க, இது எனக்கு இப்பவும் கோவமா வர்ற விஷயம்.

மத்த மாநிலத்துல தூரம் கூடிக்கிட்டுத்தான் போகுது. கொலராடோவுல 2018ல 2,500 அடி வேணும்னு வந்த வாக்கெடுப்பு தோத்துப் போச்சு, ஆனா அப்புறம் ஒழுங்குமுறை ஆணையமே 2,000 அடின்னு கொண்டாந்து 2021ல இருந்து நடைமுறை. கலிபோர்னியாவுல 3,200 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், 2022ல சட்டமாகி கம்பெனிங்க எதிர்ப்பால நின்னு 2024ல அமலுக்கு வந்துச்சு.

தூரத்த சட்டமாக்குறது நமக்கும் புதுசில்ல. மீனாட்சி அம்மன் கோயில சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டருக்கு மேல கட்டடம் எழும்பக் கூடாதுங்கிறது இங்க எல்லாருக்கும் தெரியும். கல் குவாரின்னா குடியிருப்புல இருந்து 300 மீட்டர்னு தமிழ்நாடு சிறுகனிம விதியில இருக்கு, மேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம். இதுல எல்லாம் சண்டை வர்ற எடம் ஒண்ணே ஒண்ணுதான், டேப்ப எங்க வச்சுப் புடிக்கிறது? குழி விளிம்புல இருந்தா, வேலிக் கல்லுல இருந்தா? வீட்டுச் சுவரு வரைக்குமா, வீட்டுக்காரன் எட எல்லை வரைக்குமா? கேஸ் கிணத்துலயும் அதே கதைதான், கிணத்து வாயில இருந்து அளந்தா ஒரு கணக்கு, டேங்க், கம்ப்ரசர் எல்லாம் நிக்கிற மொத்த வளாகத்தோட ஓரத்துல இருந்து அளந்தா வேற கணக்கு, சத்தமும் ஆவியும் வர்றது பாதி அந்த டேங்க், கம்ப்ரசர்ல இருந்துதான்.

இப்ப இதெல்லாம் மதுரைக்காரன் எதுக்குப் பேசணும்னு கேட்டா, ராமநாதபுரம் மாவட்டம் நமக்கு ஒண்ணும் தூரமில்ல. வழுதூர்ல மின்நிலையமே அந்த ஊரு கேஸ்லதான் ஓடுது. 2025ல அந்த மாவட்டத்துல 20 சோதனைக் கிணறு தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி குடுத்தது வெளிய தெரிஞ்சதும்தான் ஜனங்களுக்கே சேதி, எதிர்ப்பு கெளம்பி, அப்புறம் தமிழ்நாடு அரசே அத வாபஸ் வாங்கச் சொல்லுச்சு. முன்னாடியே ஏன் தெரியலன்னா, 2020 ஜனவரியில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சோதனைக் கிணறுகள பி2 பிரிவுக்கு மாத்திருச்சு, அந்தப் பிரிவுக்கு கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்ல. மத்த பெரிய திட்டம்னா கலெக்டரோ அவருக்கு அடுத்த அதிகாரியோ தலைமை தாங்க, 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் குடுத்து, ஜனங்க பேசுறத வீடியோ எடுத்து வைக்கணும்னு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்லுது. மைக்க புடிச்சு "எங்க கண்மாயில இருந்து எத்தன மீட்டர்?"னு ஒருத்தர் கேக்குற அந்த ஒரு எடமும் சோதனைக் கிணத்துக்கு கிடையாது. எண்ணெய்ச் சுரங்கத்துக்குன்னு 2017ல போட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இருக்கு, ஆனா அத பாக்குற துறைக்கு தலைமை ஆபீஸ் எங்கயோ ஜார்கண்ட்ல இருக்கிற தன்பாத்ல.

கேட்டா நடக்குங்கிறதுக்கு மேலூர் பக்கத்துல அரிட்டாபட்டி இருக்கு. டங்ஸ்டன் ஏலம் 2024 நவம்பர்ல முடிஞ்ச சேதி வந்ததும் மேலூர் பக்கத்து கிராமங்க கெளம்பி, 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைக்கு ஜனக்கூட்டம் நடந்தே வந்துச்சு, அதே மாசம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணுச்சு. அது கேஸ் இல்ல, டங்ஸ்டன்தான், ஆனா மண்ணுக்கு அடியில இருக்கிறதுக்கு மேல இருக்கிறவனக் கேக்காம ஏலம் விட்ட கதை ஒண்ணுதான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? வீட்டு பிளானுக்கு "பக்க இடைவெளி", "முன் இடைவெளி" போதும், எல்லாருக்கும் புரியும். கேஸ் கிணத்துக்கு சிலர் "விலக்கு தூரம்"னு எழுதுவாங்க, எனக்கு அது வேணாம்னு படுது. நம்ம பக்கம் விலக்குன்னா மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியிற எடம், பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பேருதான். சட்டத் தமிழ்ல விலக்குன்னா விதிவிலக்கு, கம்பெனிங்க கேக்குறதே அதத்தான், அதனால மனுவுல அந்த வார்த்தைய வச்சா அர்த்தம் தலைகீழாப் போயிரும். "பின்தள்ளல்" சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனா யாரும் பேச மாட்டாங்க.

நான் சொல்றது "காப்பு இடைவெளி". இடைவெளின்னாலே ரெண்டு முனை வேணும், எதுக்கும் எதுக்கும் நடுவுலன்னு அடுத்த கேள்வி தானா வந்துரும், செட்பேக்ல அந்தக் கேள்வி ஒளிஞ்சுக்குது. கிராம சபையிலயோ, நகரத்துல இருக்கிறவங்க பகுதி சபையிலயோ தீர்மானம் எழுதும்போது "போதிய காப்பு இடைவெளி விட வேண்டும்"னு மொட்டையா எழுதாதீங்க, போதியங்கிறதுக்கு அளவு கிடையாது. "கிணற்று வளாகத்தின் வெளி வேலியிலிருந்து குடியிருப்பு, பள்ளி, கண்மாய்க் கரை, குடிநீர்க் கிணறு இவற்றின் எல்லை வரை காப்பு இடைவெளி இத்தனை மீட்டர், பழைய அனுமதிகளுக்கும் இது பொருந்தும்"னு எழுதுங்க. அந்தக் கடைசி நாலு வார்த்தை இல்லாமத்தான் டென்டன்ல 1,200 அடி பேப்பரோட நின்னு போச்சு.