வெயில் எட்டாத குகையில் விளையும் உணவு

ருமேனியாவில், கருங்கடலோரத்து மங்காலியா நகருக்கு அருகே, 1986ஆம் ஆண்டு மின்நிலையத்துக்கான இடத்தைச் சோதிக்க நிலத்தைத் தோண்டியவர்கள், வெளியுலகத் தொடர்பின்றிப் பல லட்சம் ஆண்டுகள் மூடிக் கிடந்த ஒரு குகைக்குத் தற்செயலாக வழி திறந்துவிட்டார்கள். மொவிலே எனப்படும் அக்குகையில் வெயில் நுழைவதில்லை. மேலே படிந்துள்ள களிமண் மழைநீரையும் தடுத்துவிடுவதால், இலைதழை மட்கியாவது உள்ளே வந்து சேர வழியில்லை. ஆயினும் கண்ணில்லாத நீர்த்தேள், அட்டை, சிலந்தி எனப் பல சிற்றுயிர்கள் அங்கே வாழ்கின்றன.

அவற்றின் உணவுக்கு ஆதாரம், குகைநீரின் மேல் பாலாடைபோல மிதக்கும் நுண்ணுயிர்ப் படலம். நிலத்தடியிலிருந்து ஊறிவரும் அந்நீரில், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்திருக்கிறது. கந்தகப் பாக்டீரியா அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து, தன் செல்சவ்விலுள்ள புரதங்கள் வழியே ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி, இறுதியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. இடையில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகிறது. இதில் பெரும்பங்கு, பச்சை இலைக்குள் சர்க்கரை ஆக்கும் அதே வினைத்தொடர்தான்; கால்வின் சுழற்சி என்பது அதன் பெயர். அடுப்பு ஒன்று, விறகுதான் வேறு. வேதிச்சேர்க்கை எனப்படும் இம்முறையின் அடிப்படையை, பெக்கியாட்டோவா என்னும் கந்தகப் பாக்டீரியாவை ஆராய்ந்து 1880களிலேயே உணர்த்தியவர் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

இந்தப் பிழைப்பில் ஒரு சங்கடம் உண்டு. சல்ஃபைடு கீழிருந்து வருகிறது, ஆக்சிஜன் மேலிருந்து வருகிறது; இரண்டும் தாமாகவே வினைபுரிந்துவிட்டால் பாக்டீரியாவுக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே இரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையிலேயே அது குடியிருந்தாக வேண்டும். படலத்தின் அடியில் தேங்கும் மீத்தேன் குமிழிகள் அதை நீர்மட்டத்தில் மிதக்க வைக்கின்றன. அந்த மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியாக்களும் அதே படலத்தில் உண்டு.

இக்குகை சூரியனை அறவே சாராதது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. குகையின் காற்றறைகளில் வெளிக்காற்றில் உள்ளதில் பாதியளவு ஆக்சிஜன்கூட இல்லை என்றாலும், இருக்கும் ஆக்சிஜன் மேலுலகத் தாவரங்களும் பாசிகளும் என்றோ வெளிவிட்டதுதான். ஆனால் உணவு மேலிருந்து வருவதில்லை என்பது உறுதி. மேலிருந்து நீர் கசிந்திருந்தால், செர்னோபில் அணுஉலை விபத்தில் சிதறிய கதிரியக்க சீசியமும் உடன் வந்திருக்கும்; அது சுற்றுப்புற மண்ணில் காணப்பட்டபோதும், குகைக்குள் இல்லை.

சல்ஃபைடை உண்டபின் பாக்டீரியா கழிப்பது கந்தக அமிலம். அது சுண்ணாம்புப் பாறையை அரித்துக் குகையை மேலும் அகலமாக்குகிறது. அவ்வாறு பாறை கரையும்போது வெளிப்படும் கரியமில வாயு, அடுத்த வேளைச் சர்க்கரைக்கு மூலப்பொருளாகிறது.