பிளாஸ்டிக் உருமாற்றம்: நெகிழ்வா, குழைவா?

உலோகவியலில் 'பிளாஸ்டிக் உருமாற்றம்' (விசையை எடுத்த பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பாத மாற்றம்) என்று படித்ததும் பிளாஸ்டிக் குடம் நினைவுக்கு வந்தால் அது படிப்பவர் தவறில்லை. கிரேக்கத்தில் 'பிளாசெய்ன்' என்றால் களிமண்ணைப் பிடித்து உருவம் செய்வது. மூக்கைச் சீரமைப்பது பற்றி ஜெர்மன் மருத்துவர் கிராஃபே 1818இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்த வேர் இருக்கிறது, பேக்கலைட் என்ற செயற்கைப் பிளாஸ்டிக் வந்தது அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டு கழித்துத்தான். முதலில் பண்புக்குப் பெயர், அப்புறம்தான் பொருளுக்கு.

இதை 'நெகிழி உருமாற்றம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நெகிழ்வது தளர்வது, சங்கப் பாட்டில் தலைவியின் வளை நெகிழ்வதுபோல. 'மீளா உருமாற்றம்' பரவாயில்லை, ஆனால் விரிசலும்தான் மீளாது. களிமண்ணைக் குழைத்து வனைந்தால் உடையாமல் உருமாறும், கையை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும். அதனால் 'குழைவு உருமாற்றம்' என்பதே சரி.

இந்தக் குழைவுக்கு அடியோ இழுப்போ வேண்டும் என்றுகூட இல்லை, சூடேற்றி ஆறவிடுவதையே திரும்பத் திரும்பச் செய்தால் போதும். துத்தநாகம் பூசிய தகர வாளியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பூப்பூவாகத் தெரிகிறதே, ஒவ்வொரு பூவும் தனிப் படிகம். துத்தநாகப் படிகம் சூடானால் ஒரு திசையில் மற்றத் திசைகளைவிட ஏறத்தாழ 4 மடங்கு விரியும். இப்படிப் பல படிகங்கள் சேர்ந்த பல்படிக உலோகத்தில் பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் வெவ்வேறு திசை பார்த்து ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒன்று விரிய இடம் கேட்கும்போது இன்னொன்று விடாது, அந்த நெருக்கலில் தகைவு (உள்ளே எழும் அழுத்தம்) மீட்சி எல்லையை, அதாவது பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடிய அளவை, தாண்டினால் அணு அடுக்குகள் நழுவிவிடும். ஆறும்போது எதிர்ப்பக்கமாக நெருக்கல். வெப்பநிலை பழைய இடத்துக்கு வந்துவிடும், நழுவிய அடுக்குகள் எல்லாம் வராது.

1940களில் மெல்போர்னில் போவாஸ், ஹனிகோம்ப் என்ற உலோகவியல் ஆய்வாளர்கள் துத்தநாகம், காட்மியம், வெள்ளீயம் மூன்றிலும் இதைப் பார்த்தார்கள், வெளியிலிருந்து எந்தச் சுமையும் ஏற்றாமலே மேற்பரப்பில் நழுவல் கோடுகள் விழுந்தன. எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரியும் காரீயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

யுரேனியம்தான் இதில் உச்சம். அதன் ஆல்ஃபா படிகம் (சாதாரண வெப்பநிலையில் இருக்கும் வடிவம்) சூடானால் இரண்டு அச்சில் விரியும், ஒரு அச்சில் சுருங்கவே செய்யும். படிகங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்து அமைந்த தண்டை வெப்பச் சுழற்சியில் விட்டால் அது நீண்டுகொண்டே போகும். அணுஉலைக்கு உலோக யுரேனியத் தண்டு செய்தவர்கள், படிக அமைப்பே மாறும் பீட்டா நிலைவரை சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து அந்தத் திசையொழுங்கைக் கலைத்தது இதற்காகத்தான்.