ரொறன்ரோ பத்தரை மணித்தியாலத் தூரத்தில் இல்லை

கிளிநொச்சியில் விமானப் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் தொழிலில் இருக்கும் என்னிடம் வருபவர்களில் பலர், கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் முதன்முறையாகப் புறப்படும் வயதான பெற்றோர். சென்ற தை மாதம் வந்த ஓர் அம்மாவின் சீட்டில், இரவு 10.00 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறி, டுபாயில் விமானம் மாறி, மறுநாள் காலை 8.30க்கு ரொறன்ரோவில் இறங்குவதாக இருந்தது. "பத்தரை மணித்தியாலம்தானே தம்பி" என்றவர், ஒரு வேளை இன்சுலினை மட்டும் கைப்பையில் வைத்து, மிகுதியைப் பெரிய பெட்டியில் போடப் போவதாகச் சொன்னார். அன்று அவரை இருத்தி நான் விளக்கியதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சீட்டிலுள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த விமான நிலையத்தின் உள்ளூர் நேரம். மாரியில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதால் வித்தியாசம் ஒன்பதரை ஆகும். ஆகவே அந்தக் காலை 8.30 என்பது நமக்கு மாலை 7.00 மணி, பயணம் 21 மணித்தியாலம். டுபாய்க்கு ஏறத்தாழ ஐந்து, அங்கே காத்திருப்பு இரண்டு, பிறகு ஒரே இருக்கையில் பதினான்கு. கிளிநொச்சியிலிருந்து நண்பகலில் வான் வண்டியில் ஏறினால்தான் மூன்று மணித்தியாலம் முன்னதாகக் கட்டுநாயக்காவை அடையலாம் என்பதையும் சேர்த்தால், 31 மணித்தியாலம் ஆகிவிடுகிறது.

கட்டுநாயக்காவுக்கும் ரொறன்ரோவுக்கும் நேர்த்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூமி உருண்டை என்பதால் அந்தக் குறுகிய வழி இந்தியாவைக் கடந்து வடதுருவப் பக்கமாகவே போகும். தட்டையான வரைபடத்தில் கோடு கீறிப் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. நேரடி விமானம் இல்லாததால் டுபாய் வழியாகப் போகையில் தூரம் சற்றே கூடும். மேற்கு நோக்கிப் பறக்கையில் உயரத்துக் காற்று எதிர்த்து வீசுவதால் நேரமும் கூடும். திரும்பி வருகையில் அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் ஒரு மணித்தியாலமளவு மிச்சமாகும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் சீட்டின் பிரதியோடு கிளினிக்குக்குப் போய், எந்த நேரத்துக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். பெட்டிகள் வைக்கும் அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும்; முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடைக்கிடை எழுந்து நடக்க வேண்டும்.

பிள்ளைகள் விலை குறைந்த சீட்டைத் தேடுகையில், இரண்டு மணித்தியால இடைவெளியில் அம்மாவால் அந்தப் பெரிய நிலையத்தைக் கடக்க முடியுமா என்றும் யோசியுங்கள். முடியாதென்றால் சக்கர நாற்காலியைப் பதிவின்போதே கேளுங்கள். திரும்பும் பயணத்தில் திகதி நமக்கு எதிராக ஓடும். திங்கள் பிற்பகல் அங்கே ஏறியவர் செவ்வாய் இரவோ புதன் காலையோதான் இங்கே இறங்குவார். கூட்டிவரப் போகும் வான்காரருக்கு இறங்கும் திகதியையே எழுதிக் கொடுங்கள்.