தங்கம் ஏன் ஓடையின் அடியில் தங்குகிறது?

அரிசியில் கல் கிடந்த காலத்தில் வீடுகளில் அரிக்கன்சட்டி இருந்தது. உட்புறம் வரிவரியாகப் பள்ளம் கீறிய மண்சட்டி. தண்ணீர் ஊற்றி அசைத்து அசைத்துச் சரித்தால் அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும்; கல் அடியிலும் வரிப்பள்ளத்திலும் நின்றுவிடும். கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகான் பிரதேசத்தில், க்ளோண்டைக் ஆற்றோடு சேரும் ஓடைகளில் இன்றும் தங்கம் எடுப்பவர்கள் செய்வது இதே வேலைதான். அங்கே அரிசியின் இடத்தில் சரளை, கல்லின் இடத்தில் தங்கம்.

சுத்தத் தங்கம் நீரைப்போல் 19.3 மடங்கு அடர்த்தியானது. ஆற்றுமணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். நீருக்குள் போனால் இந்த இடைவெளி இன்னும் விரியும். நீர் தாங்கிக்கொள்ளும் எடையைக் கழித்துப் பாருங்கள்: 18.3க்கு எதிரே 1.65. ஒரே அளவுள்ள இரண்டு துகள்களில் தங்கம் பதினொரு மடங்கு கனமாகிவிடுகிறது. க்ளோண்டைக் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி கலந்திருப்பதால் கணக்கு சற்றே குறையும். அப்போதும் ஓடைக்குள் அதற்கு ஈடான கனம் வேறெதற்கும் இல்லை.

இந்தத் தங்கம் பிறந்த இடம் ஓடை அல்ல. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தில், பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பாறை வெடிப்புகளில் ஏறிவந்து குவார்ட்ஸ் நரம்புகளை உண்டாக்கியது. அந்த நரம்புகளில் தங்கமும் படிந்தது. பிறகு மழையும் பனியும் மலையை மெல்லத் தின்றன. பாறை உடைந்து மணலாகிக் கடலை நோக்கிப் போனது. தங்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. வெள்ளத்தில் சரளை முழுவதும் அசையும்போதெல்லாம் கல்லிடுக்குகள் வழியே கீழிறங்கி, இதற்குமேல் இறங்க முடியாது என்ற இடத்தில், அதாவது அடிப்பாறையின் மேலும் அதன் வெடிப்புகளுக்குள்ளும் நின்றது. அனுபவமுள்ள சுரங்கக்காரர்கள் சரளையை அள்ளிய பிறகு அடிப்பாறையையும் சேர்த்துச் சுரண்டுவது இதனால்தான்.

ஆனால் மலையும் ஓடையும் உலகெங்கும் இருக்கின்றன. க்ளோண்டைக்கில் மட்டும் இவ்வளவு தங்கம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது ஏன்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதற்கான விடைதான். பனியுகங்களில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் மூடி, பள்ளத்தாக்குகளை வழித்துத் துடைத்துச் சென்றன. க்ளோண்டைக் பகுதிக்கு அவை வரவில்லை. பசிபிக் கரையோரம் நிற்கும் உயர்ந்த மலைகள் கடலின் ஈரக்காற்றை மறித்துவிட்டதால், உள்நாடு கடுங்குளிராக இருந்தும் பனிப்பாறை உருவாகும் அளவுக்குப் பனி பெய்யவில்லை. ஆகவே ஓடைகள் பல லட்சம் ஆண்டுகளாகச் சலித்து வைத்த சரளைப் படுகைகள் கலையாமல் அப்படியே கிடந்தன.

1896 ஆகஸ்ட் 16 அன்று, முயல் ஓடை என்று அழைக்கப்பட்ட சிற்றோடையில் அந்தத் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. டாகிஷ் பழங்குடியைச் சேர்ந்த கீஷ், அவருடைய உறவினர் டாசன் சார்லி, கீஷின் சகோதரியை மணந்த ஜார்ஜ் கார்மாக் ஆகியோர் அங்கே இருந்தார்கள். யார் கண்ணில் முதலில் பட்டது என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. கண்டுபிடித்தவருக்கான உரிமை மட்டும் வெள்ளையரான கார்மாக்கின் பெயரில் பதிவானது. ஓடையின் பெயர் பொனான்சா ஆனது. செய்தி பரவியதும் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பது பொதுவான கணக்கு. பாதிப்பேர்கூடப் போய்ச் சேரவில்லை. ஆற்றுமுகத்தில் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த த்ரோன்டெக் ஹ்வெச்சின் மக்கள் தங்கள் முகாமை விட்டு ஆற்றோரம் சில கிலோமீட்டர் தள்ளிக் குடியேற நேர்ந்தது. ‘க்ளோண்டைக்’ என்பதே ‘த்ரோன்டெக்’ என்ற அவர்களுடைய சொல்லை வந்தவர்கள் வாய்க்குத் தோதாகத் திரித்ததுதான்.

வந்தவர்களுக்கு நிலமும் எளிதில் இடம் கொடுக்கவில்லை. க்ளோண்டைக் பகுதியின் டாசன் நகரில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே நிற்கிறது. மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. சரளைக்கு மேல் பல மீட்டர் தடிமனில் கரிய வண்டல், அதற்குள் பனிக்கட்டி. கோடரி பட்டால் தெறிக்கும். ஆகவே குளிர்காலத்தில் விறகை எரித்து, இளகிய மண்ணை அள்ளி, மறுபடி எரித்து, அடிப்பாறை வரை கிணறுபோல் இறங்கினார்கள். கோடையில் தோண்டினால் ஊற்று நீர் குழியை நிரப்பிவிடும். குளிர்காலத்திலோ உறைந்த மண்ணே சுவராக நின்று தாங்கியது. மேலே குவித்த சரளையை, வசந்தத்தில் ஓடை உருகியதும் அலசினார்கள். எதிரியாக இருந்த குளிரையே தூணாக்கிக்கொண்ட அந்த யோசனை வியக்க வைக்கிறது. பின்னாளில் பெரிய நிறுவனங்களின் மிதக்கும் தோண்டி இயந்திரங்கள் பள்ளத்தாக்குகளைப் புரட்டிப்போட்டன. அவை 1966இல் ஓய்ந்தன.

இப்போது அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் குடும்பமாகவோ சிறு குழுவாகவோ இயங்குபவர்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். ஒரு பொக்லைன், ஒரு புல்டோசர், ஒரு நீர்ப்பம்பு, ஓர் அலசும் இயந்திரம். பல இடங்களில் ஒரு கன மீட்டர் சரளைக்கு ஒரு கிராம் தங்கம்கூடக் கிடைப்பதில்லை. குன்றிமணி அளவுக்காக இரண்டு டன் கல்லையும் மண்ணையும் அலச வேண்டும்.

அந்த அலசல் நடப்பது ஸ்லூயிஸ் பெட்டியில். சாய்வாக வைத்த நீளமான இரும்புத் தொட்டி. தரையில் நார்ப்பாய், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள். நீரும் சரளையும் பாயும்போது ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் ஒரு சிறு சுழல் உண்டாகிறது. சுழல் மணலைத் தூக்கித் தூக்கி வெளியே அனுப்பும். தங்கம் மட்டும் எழும்ப முடியாமல் பாய்க்குள் இறங்கும். வெள்ளத்தில் பாறைக்குப் பின்னால் நடப்பதும் இதுவே. நீரோட்டம் மெதுவானால் சட்டங்களுக்கு இடையில் மணல் இறுகிக்கொள்ளும்; தங்கம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வேகமானால் பொடித் தங்கத்தை நீரே அடித்துச் செல்லும். பெரிய கற்களை உருட்டப் பெரிய வேகம் தேவை என்பதால், முதலில் சுழலும் சல்லடையில் கற்களைப் பிரித்துவிட்டுச் சன்னமான சரளையை மட்டும் மெல்லிய நீரோட்டத்தில் விடுகிறார்கள்.

பெட்டி எவ்வளவு தங்கத்தைத் தவறவிடுகிறது என்று கண்டறிவதும் கடினம். யூகானில் இதற்கு ஓர் அழகான சோதனை நடந்தது. தங்கத்துகள்களுக்கு அணு உலையில் கதிரியக்கம் ஊட்டி, அவற்றை ஸ்லூயிஸ் பெட்டிகளில் போட்டு, எங்கே தங்கின, எத்தனை வெளியேறின என்று கருவிகளால் தேடினார்கள். அந்தக் கதிரியக்கம் மூன்று நாளுக்குள் பாதியாகிவிடும். சட்டங்களின் அமைப்பையும் நீரின் அளவையும் கைப்பழக்கத்துக்கு விடாமல் அளந்து தீர்மானிக்க இது வழிகாட்டியது.

சில நாட்களுக்கு ஒருமுறை நீரை நிறுத்திப் பாயை உதறுவார்கள். தங்கத்தோடு கருமணலும் வரும். காந்தம் அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தை இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தட்டில் சுழற்றிப் பிரிப்பார்கள். தகடுபோல் தட்டையான பொடித்தங்கம் நீரின் மேற்பரப்பு இழுவிசையால் மிதப்பதும் உண்டு. ஒரு சொட்டுச் சோப்புநீர் விட்டால் மூழ்கிவிடும். உலகின் பல நாடுகளில் இந்தக் கட்டத்தில் பொடித்தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அந்தப் பாதரச ஆவி, தங்கம் எடுப்பவரின் நரம்பையும் ஆற்று மீனையும் நஞ்சாக்குகிறது. கனத்தை மட்டும் நம்பும் முறைக்குப் பொறுமை அதிகம் வேண்டும், ஆனால் அதையே ஆதரிக்கிறேன். கலங்கிய நீரும் சிறிய தொல்லை அல்ல. அதைக் குட்டைகளில் தேக்கித் தெளியவிட வேண்டும். இல்லையென்றால் நுண்வண்டல் மீன்முட்டைகளை மூடிவிடும்.

தங்கம் தேடுபவர் வேண்டாமென்று ஒதுக்கும் அந்தக் கரிய வண்டலில்தான் பனியுகம் உறைந்திருக்கிறது. மண்ணை இளக்கும்போது, அழிந்துபோன பனியுக யானையான மாமூத்தின் தந்தமும் காட்டெருதின் கொம்பும் வெளிவருகின்றன. 2022 ஜூன் 21 அன்று யுரேகா ஓடையில் சுரங்க இயந்திரம் வெட்டிய மண்ணில் தோலும் தும்பிக்கையும் நகங்களுமாக ஒரு குட்டி மாமூத் கிடந்தது. வயது 30,000 ஆண்டுகளுக்கு மேல். த்ரோன்டெக் ஹ்வெச்சின் பெரியவர்கள் அதற்கு ‘நுன் சோ கா’ என்று பெயரிட்டார்கள். தங்கள் மொழியில் பெரிய குட்டி விலங்கு என்று பொருள். சுரங்கக்காரர்கள் உடனே வேலையை நிறுத்திச் செய்தி சொன்னதால் நிலவியலாளர்கள் அன்றே வந்து மீட்டார்கள். மீட்ட சற்று நேரத்தில் இடியும் மழையும் கொட்டின. குட்டியின் குடலில் அது கடைசியாகத் தின்ற புல் அப்படியே இருந்தது.