டிரெய்டல்: தமிழில் பகடைப் பம்பரம்

கி.மு. 164-இல் மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்ததை நினைத்து யூதர்கள் எட்டு நாள் கொண்டாடும் பண்டிகை ஹனுக்கா. மாலையில் விளக்கேற்றி முடிந்ததும் பிள்ளைகள் கையில் எடுப்பது டிரெய்டல். நான்கு பட்டை, கூரான அடி, மேலே விரலால் திருக ஒரு காம்பு, அவ்வளவுதான்.

இது யித்திஷ் சொல். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய, எபிரேய எழுத்தில் எழுதப்படும் மொழி அது. ‘டிரெயென்’ என்றால் சுழல்வது, சுழற்றுவது; ஜெர்மன் மொழியிலும் இதே வேர் உண்டு. எபிரேயம் மீண்டும் பேச்சுமொழியானபோது, சுற்றுதல் என்ற வேரிலிருந்து ‘செவிவோன்’ என்று புதுச்சொல் செய்துகொண்டார்கள்.

பட்டைக்கு ஒன்றாக நூன், கிமெல், ஹே, ஷின் என நான்கு எழுத்துகள். ‘அங்கே ஒரு பெரும் அற்புதம் நடந்தது’ என்ற எபிரேய வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். இஸ்ரேலில் ‘அங்கே’ பொருந்தாதே! அதனால் ஷின்னுக்குப் பதில் ‘இங்கே’ என்பதற்கான பே. ஆனால் பழைய கதை வேறு. ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த ஒரு சூதாட்டச் சுழற்றியிலிருந்து வந்தது இது. அந்த ஆட்டத்தின் கட்டளைகளே இந்த எழுத்துகள்: நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் என்றால் நடுவில் வைத்த பந்தயப் பொருள் முழுதும், ஹே என்றால் பாதி, ஷின் என்றால் கையிலிருந்து போட வேண்டும். அற்புதத்தின் கதை பிறகு ஏற்றப்பட்டது. பந்தயப் பொருள் கடலை, பாதாம் மாதிரிக் கொட்டைகளோ தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளோதான்.

பண்டிகை நெருங்கும்போது பிள்ளைகள் இதைக் களிமண்ணிலும் அட்டையிலும் செய்வதுண்டு. காலிப் பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, நடுவே பென்சிலைச் செருகினாலும் சுழலும். காம்பு சரியாக மையத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். எழுத்துகளை வலமிருந்து இடமாக வரிசையாக எழுத வேண்டும். நூனும் கிமெலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கிமெலின் அடியில் கால் பிரிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் எழுதினால் ஆட்டத்தில் சண்டை நிச்சயம், ஒன்று வெறுங்கை, மற்றது நடுவில் உள்ளது முழுதும்!

சரி, தமிழில் என்ன சொல்வது? வெறுமனே ‘பம்பரம்’ என்றால் நமக்குச் சாட்டையும் ஆணியும்தான் நினைவுக்கு வரும். தவிர, பம்பரம் நின்று சுற்றும்வரைதான் ஆட்டம். டிரெய்டலிலோ விழுந்த பிறகுதான் முடிவே தெரியும். அந்த வகையில் இது தாயக்கட்டைக்கு நெருக்கம். ‘நான்முகப் பம்பரம்’ உருவத்தை மட்டும் சொல்கிறது, ‘சுழற்றி’ எதற்கும் பொருந்தும். ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்ல ‘பகடைப் பம்பரம்’ நல்லது. பண்டிகையைப் பற்றியே எழுதும்போது டிரெய்டல் என்று எழுதி, முதல் தடவை மட்டும் இதைப் பக்கத்தில் கொடுத்தால் போதும்.