பெற்றோரிடம் இல்லாதது, குழந்தையின் இரத்தத்தில் இருப்பது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அத்தை மகனுக்கோ தாய்மாமன் மகனுக்கோ பெண் கொடுத்த வீடுகள் இன்றும் உண்டு. அவற்றில் ஒரு குழந்தை பிறவிக் குறையோடு பிறந்தால், 'சொந்தத்தில் முடித்ததால் வந்தது' என்ற பேச்சே முதலில் எழும். பல நேரங்களில் அது சரிதான். பழுதுபட்ட ஒரே மரபணுவைத் தாயும் தந்தையும் பொது மூதாதையரிடமிருந்து ஆளுக்கொரு பிரதியாகப் பெற்று, தாங்கள் நலமாக இருந்துகொண்டே, குழந்தைக்கு இரண்டையும் கொடுத்துவிடுவதால் வரும் நோய்கள் அவை. ஆனால் அந்த மாற்றங்கள் பழையவை. தந்தையின் விந்தணுவிலோ தாயின் கருமுட்டையிலோ முதன்முறையாக நிகழும் புதிய சடுதிமாற்றத்துக்கு (மரபணுவின் எழுத்து திடீரென மாறுவதற்கு) உறவுத் திருமணத்தைக் குறை சொல்ல முடியாது.

அதைத் தேடுவதற்கு இரத்தம் எடுப்பது எளிது. குழந்தையைப் பிரித்தெடுத்த பின் நஞ்சுக்கொடியோடு எஞ்சியிருக்கும் தொப்புள்கொடியின் சிரையில் ஊசியைச் செருகிச் சில மில்லிலிட்டர் இரத்தத்தை உறையாமல் காக்கும் ஊதா மூடிக் குழாயில் சேர்ப்பார்கள். குழந்தைக்கு வலியே இல்லை. தாயின் இரத்தம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முக்கியம். குதிகாலில் குத்தி வடிதாளில் சொட்டவிடும் வழக்கமான பரிசோதனை வேறு: தைராய்டு குறைபாடு போன்றவற்றை அது காட்டும், மாற்றம் புதியதா பழையதா என்பதைக் காட்டாது.

மரபணுவை நேரடியாகப் படிக்க முடியாத காலத்தில், அதன் குறிப்புப்படி உருவாகும் புரதங்களைத்தான் பார்த்தார்கள். புரதத்தின் கட்டுமானத் துண்டான அமினோ அமிலம் ஒன்று மாறினால் சில வேளைகளில் புரதத்தின் மின்சுமையும் மாறும். அப்போது மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோபோரசிஸ் தட்டில் ஹீமோகுளோபின் பட்டை வழக்கமான இடத்தைவிட்டு விலகி நிற்கும். ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் பிள்ளைகளை அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் குழுவினர் இவ்வாறு ஆராய்ந்தனர். புதிய மாற்றங்களில் புள்ளியியல் நோக்கில் உறுதியான அதிகரிப்பு எதுவும் தெரியவில்லை. மின்சுமையை மாற்றாத மாற்றங்கள் தப்பிவிடும் என்பது அந்த முறையின் பெரிய ஓட்டை.

இன்று முழு மரபணுத் தொகுதியையும் வாசிக்கிறார்கள். செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை இரண்டு பழைய பேரேடுகளிலிருந்து ஒரு புதிய பேரேட்டை எழுதினால், அதிலுள்ள பிழை அவர் செய்ததா, மூலத்திலேயே இருந்ததா என்பதை அறிய மூன்றையும் அருகருகே வைத்தாக வேண்டும். அதனால்தான் பெற்றோர் இருவரின் இரத்தமும் தேவைப்படுகிறது. குழந்தையின் இரத்தம் மட்டும் இருந்தால், எவ்வளவு நுட்பமாக வாசித்தாலும் எதையும் 'புதியது' எனச் சொல்ல முடியாது. கருவி தானே செய்யும் வாசிப்புப் பிழைகளும் ஏராளம் என்பதால், ஒவ்வொரு இடத்தையும் ஏறத்தாழ 30 முறை வாசிப்பார்கள். உண்மையான புதிய மாற்றம் குழந்தையின் வாசிப்புகளில் பாதியளவில் தென்படும், பெற்றோரின் வாசிப்புகளில் ஒன்றில்கூட இராது. இந்தச் சல்லடையில் தேறி நிற்பவை, தாய், தந்தை இரு தரப்பிலிருந்தும் வந்த சுமார் 600 கோடி டி.என்.ஏ. எழுத்துகளில், ஒரு குழந்தைக்கு 60 முதல் 70 வரைதான். பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை.

அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் தந்தை வழி வருபவை. விந்தணுவை உண்டாக்கும் செல்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால், தந்தையின் வயது ஓராண்டு கூடக்கூட ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள் கூடுகின்றன என ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களை ஆராய்ந்து 2012-இல் கண்டறிந்தார்கள். கதிர்வீச்சைவிட வயதையே கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து: செர்னோபில் அணுமின் நிலைய விபத்தின் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்குப் பின்னர் பிறந்த 130 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்விலும் புதிய மாற்றங்கள் கூடியிருக்கவில்லை.

குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்? பழைய மாற்றம் இரு பக்கமிருந்தும் வந்திருந்தால், அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. புதிய மாற்றமென உறுதியானால், அந்த வாய்ப்பு பொதுவாக ஒரு சதவீத அளவுக்கு இறங்கிவிடும். சுழியம் என்று மருத்துவர்கள் சொல்லாததற்குக் காரணம், பெற்றோரின் இரத்தத்தில் தென்படாத மாற்றம் அவர்களில் ஒருவரின் இனச்செல்களில் (விந்தணுக்களில் அல்லது கருமுட்டைகளில்) ஒரு பகுதியில் மட்டும் இருக்கக்கூடும் என்பதுதான்.