பங்கு பிரிப்பதற்கு முன் கணக்கு

"எல்லாம் முடிஞ்சிட்டு சார். பங்கும் பிரிச்சாச்சு" என்று அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த அண்ணாச்சி சொன்னபோது, கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வைத்திருந்தார்.

அவர் அப்பா உயிலில் மூத்த மகனான இவரைத்தான் எக்சிக்யூட்டராக, அதாவது உயிலில் சொன்னதை நிறைவேற்றுகிறவராகப் போட்டிருந்தார். நம் பக்கத்தில் எழுதி, இங்கே உள்ள சொத்தை மட்டும் சொல்லும் உயிலுக்கு, இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை. ஆனாலும் பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்றத்தில் வாங்கிவிட்டார். அப்புறம் அப்பாவின் திவசத்துக்குத் தம்பியும் தங்கச்சியும் வந்திருந்தபோது, பேங்கில் இருந்த பணத்தை மூன்று கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். ரசீது வாங்கவில்லை. கூடப் பிறந்தவர்களிடம் யார் கையெழுத்து கேட்பார்கள்?

நோட்டீஸ் எதற்கென்றால், அப்பா ஒரு சொந்தக்காரர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்றிருக்கிறார். "அந்தக் கடுதாசி டிரங்குப் பெட்டியில பட்டாவுக்கு அடியில கெடந்தது சார். பார்த்தேன். பழசுதானேன்னு திருப்பி வச்சிட்டேன்."

அந்தப் 'பார்த்தேன்'தான் சிக்கல். ஜாமீன்தாரர் இறந்தாலும், ஏற்கெனவே கொடுத்த கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்து பொறுப்பு. கடன் இருப்பது தெரிந்தும் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், எக்சிக்யூட்டர் தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டி வரும்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் செலவுக்கு வரிசை போட்டு வைத்திருக்கிறது. முதலில் ஈமச் செலவு, கடைசி நேர மருத்துவச் செலவு. அடுத்து புரொபேட் வாங்கிய செலவு. அதற்கும் அடுத்து, இறப்பதற்கு முந்தைய 3 மாதத்தில் வேலை பார்த்த கூலியாள், வீட்டு வேலைக்காரருக்குச் சேர வேண்டிய சம்பளம். மற்ற கடன்கள் அதன்பிறகு. உயிலில் எழுதிய பங்கு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். ஈமச் செலவு என்றால் அவரவர் தகுதிக்கு ஏற்ற நியாயமான செலவு. பதினாறாம் நாள் பந்தியில் ஊரையே உட்கார வைத்த பில்லை அப்படியே கணக்கில் ஏற்றினால் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார், நீதிமன்றமும் யோசிக்கும்.

தம்பி தங்கச்சி அவசரப்படுத்துகிறார்களா? இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எக்சிக்யூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த ஓராண்டில் பெட்டி, பீரோ, டைரி, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் கிளறிப் பாருங்கள். இறந்தவர் பெயரில் வருமான வரிக் கணக்கு பாக்கியிருந்தால் அதையும் முடியுங்கள். பட்டா மாற்றம் கொஞ்சம் பொறுக்கும்.

புரொபேட் வாங்கியவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. உத்தரவு கிடைத்து 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். யாரும் வீடு தேடி வந்து கேட்பதில்லை என்பதால், என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் தாக்கல் செய்வதே இல்லை. தக்க காரணமில்லாமல் வேண்டுமென்றே விட்டால் புரொபேட்டையே ரத்து செய்யக் கேட்க முடியும். பகை முற்றிய குடும்பத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கிற இடமும் அதுதான்.

அண்ணாச்சியை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வாடகையிலிருந்து என் ஃபீஸ் வரை தேதிவாரியாக எழுதினார். அப்பாவுக்கு வயல் பார்த்தவரின் கூலி பாக்கி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கவரில் கொடுத்த தொகைக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது வாங்கினோம். தங்கச்சி தன் பங்கிலிருந்து கடனுக்கான தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தம்பி "வீடு கட்டிட்டேன், இனி எங்க போறது" என்றார். கடன் கொடுத்தவர் சட்டப்படி அவரிடமும் கேட்கலாம் என்று சொன்னேன். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பங்கைத் தானே போட்டுக் கடனை அடைத்தார். இறுதிக் கணக்கில் அதையும் தனி வரியாக எழுதித்தான் தாக்கல் செய்தோம்.